பிச்சாவரம் முதல் மஞ்சக்குப்பம் வரை... கடலூர், சிதம்பரத்துக்கு ஏன் ஒரு படவிழா வேணும்?

2020 பிப்ரவரி. நெய்வேலியில் 'மாஸ்டர்' ஷூட்டிங். வேன் மேல ஏறி நின்னு, பின்னாடி திரண்டிருந்த கூட்டத்தோட விஜய் எடுத்த அந்த செல்ஃபி ஞாபகம் இருக்கா? உங்க போன் கேலரியில இப்பவும் எங்கேயாவது கிடக்கலாம். அதை லைக் பண்ணினவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த இடம் கடலூர் மாவட்டம்னு தோணியிருக்கும்? மதுரைன்னா உடனே சினிமா ஞாபகம் வருது. பொள்ளாச்சின்னா வருது. காரைக்குடி வீடுன்னா வருது. கடலூர்னா? புயல் எச்சரிக்கைக் கூண்டுதான் ஞாபகம் வருது!

ஆனா இந்த மாவட்டத்தோட சினிமா கணக்கு கொஞ்சம் நஞ்சமில்லை. அந்தக் கணக்கை ஊர்க்காரங்களே உட்கார்ந்து எடுத்து, நாலு நாள் திரையில போட்டுக் காட்டுறதுக்குப் பேர்தான் வட்டாரத் திரைப்பட விழா. சிவப்புக் கம்பளம், ஸ்பான்சர் பேனர் எல்லாம் அப்புறம்.

'நம்ம ஊர் படம்'னா எது?

விழா நடத்த உட்கார்ந்தா முதல்ல வர்ற சண்டையே இதுதான். இங்கே கேமரா வெச்ச படமா, இங்கே கதை நடக்கிற படமா, இந்த மண்ணுல பிறந்தவர் எடுத்த படமா?

கேமரா வந்த படம்னா பட்டியல் சுலபம். பிச்சாவரத்துல படகு ஏறிப் பாருங்க. சுரபுன்னை மரங்களுக்கு நடுவுல துடுப்பு போட்டுக்கிட்டே, 'இதயக்கனி'க்காக (1975) எம்.ஜி.ஆர் வந்த கதையைச் சொல்லாம விடமாட்டாங்க. அந்தப் படம் வெளியானப்போ பிறக்காத இளைஞரும் நேர்ல பார்த்த மாதிரி சொல்வார். சினிமா பாரம்பரியம்ங்கிறது பாதி இப்படித்தான், வாய் வழியா உயிரோட இருக்கு.

கதை நடக்கிற இடம்னா சிதம்பரத்துக்குத்தான் மவுசு. 'தசாவதாரம்' (2008) தொடங்குறதே 12-ம் நூற்றாண்டு தில்லையில, கோவிந்தராஜர் சிலையைக் கடலுக்குக் கொண்டுபோற காட்சியோட. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே தமிழ் சினிமா திரும்பத் திரும்ப சிதம்பரத்துக்கு நடந்து வந்திருக்கு, நந்தனாரோட கால்களால.

1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்துல நந்தனாரா நடிச்சவர் யார் தெரியுமா? கே.பி.சுந்தராம்பாள். ஆண் வேடத்துல ஒரு பெண்! அதுக்கு அவங்க வாங்கின சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935-ல் ஒரு லட்சம்னா, இன்னிக்கு எந்த ஹீரோவோட சம்பளத்தோட ஒப்பிடுறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ஏழு வருஷம் கழிச்சு, 1942-ல் ஜெமினி மறுபடி 'நந்தனார்' எடுத்தது. இந்த முறை எம்.எம்.தண்டபாணி தேசிகர். திரையில சிதம்பரம் போகத் துடிச்ச அந்த தேசிகர்தான், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இசைப் பேராசிரியரா வந்து அதே சிதம்பரத்துல பல வருஷம் பாடம் நடத்தினார். இதை எந்த ரீல்ஸும் உங்களுக்குச் சொல்லியிருக்காது.

ஒரு நல்ல படவிழா இங்கேதான் வேலை செய்யும். 'நந்தனார்' படத்தைப் பக்திப் படமா போட்டுட்டுப் போயிடலாம். இல்லைன்னா, கோயிலுக்குள்ள போக ஒரு மனுஷன் ஏன் நாள் நாளா காத்துக்கிடக்கணும், சினிமா அதை ஏன் கண்ணீரா மட்டும் காட்டுச்சுன்னு படம் முடிஞ்சதும் பேசலாம். சுவாமி சகஜானந்தா 1916-ல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பேர்ல பள்ளி தொடங்கினதும் இதே சிதம்பரத்துலதான். படம் போட்டுட்டு அந்தப் பள்ளியில படிச்ச பெரியவர் ஒருத்தரை மைக் பிடிச்சுப் பேச வெச்சா, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடா எந்த ஓடிடியும் எதையும் தராது.

இன்னொரு படம், நம்மள்ல பல பேர் கேள்வியே பட்டிருக்க மாட்டோம். பேரே 'சிதம்பரம்'. ஜி.அரவிந்தன் 1985-ல் எடுத்த மலையாளப் படம். கோபி, ஸ்மிதா பாட்டீல், சீனிவாசன் நடிச்சது. அந்த வருஷத்தோட சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருது வாங்கினது. மூணாறு பக்கத்து மாட்டுப்பண்ணையில நடக்கிற ஒரு துரோகம், குற்ற உணர்ச்சியா மாறி ஒருத்தனைத் துரத்தித் துரத்தி, கடைசியில சிதம்பரம் கோயில் வாசல்ல கொண்டுவந்து நிறுத்தும். செருப்பைப் பார்த்துக்கிற இடத்துல அவன் யாரைப் பார்க்கிறான்ங்கிறதைச் சொல்ல மாட்டேன், ஸ்பாய்லர். நம்ம ஊர் பேர்ல எடுத்து தேசிய விருது வாங்கின படத்தை நம்ம ஊர்ல பெரிய திரையில போட்டா எவ்ளோ நல்லா இருக்கும்!

மண்ணின் ஆட்கள்

மூணாவது வகை, இந்த மண்ணுல பிறந்தவங்க. இதுலதான் கடலூர் அசத்துது.

மஞ்சக்குப்பம் தெரியும்ல? 1934-ல் ஜெயகாந்தன் பிறந்த இடம். அவரை எழுத்தாளரா மட்டும்தான் பாடப்புத்தகம் சொல்லித்தரும். ஆனா தன்னோட 'உன்னைப்போல் ஒருவன்' கதையை அவரே டைரக்ட் பண்ணினார். (கமல் நடிச்ச 2009 படம் வேற, குழப்பிக்காதீங்க.) சேரி வாழ்க்கையை ஸ்டார் யாரும் இல்லாம காட்டின படம். 1964-க்கான தேசிய விருதுகள்ல மூணாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் வாங்குச்சு. அந்த வருஷம் முதலிடம் சத்யஜித் ரேயோட 'சாருலதா'. அப்படிப்பட்ட வரிசையில நம்ம மஞ்சக்குப்பத்துக்காரர் நின்னிருக்கார்.

சிதம்பரம் எஸ்.ஜெயராமன், பேர்லயே ஊர் இருக்கு. சிவாஜிக்கு டி.எம்.எஸ். குரல் அமையறதுக்கு முன்னாடி, 'பராசக்தி'யில (1952) அவருக்குப் பாடினவர். 'ரத்தக்கண்ணீர்' பார்த்தவங்களுக்கு அந்தக் கனத்த குரல் மறக்காது. உங்க தாத்தா கிட்ட கேட்டுப் பாருங்க, ரெண்டு வரி பாடிக்கூடக் காட்டுவார்.

அடுத்து தங்கர் பச்சான், பண்ருட்டி பக்கம் பத்திரக்கோட்டை. 'காதல் கோட்டை'க்கு கேமரா பிடிச்ச கை. 'அழகி', 'சொல்ல மறந்த கதை'ன்னு டைரக்ட் பண்ணினார், 'சிதம்பரத்தில் ஒரு அப்பாசாமி'ன்னு ஒரு படத்துக்குத் தலைப்பே வெச்சார். எனக்கு அவர் படங்கள்ல முக்கியமா தோணுறது 'ஒன்பது ரூபாய் நோட்டு' (2007). சத்யராஜ் மாதவ படையாச்சியா வாழ்ந்திருப்பார். முந்திரியும் பலாவும் விளையுற செம்மண் பூமியோட வாழ்க்கை அது. அந்தப் படம் வந்து நாலு வருஷத்துல, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்துச்சு. பரம்பரை பரம்பரையா நின்ன பலா மரமும் முந்திரித் தோப்பும் ஒரே காலையில சாஞ்சது. அதுக்கு முன்னாடி இந்த மண்ணை எடுத்த எந்தக் காட்சியும், கல்யாண வீடியோவா இருந்தாக்கூட, இப்போ ஆவணம்.

சமீபத்துல? 'ஜெய் பீம்' (2021). 1993-ல் இதே மாவட்டத்துல நடந்த ஒரு காவல் நிலைய மரண வழக்குதான் அதோட மூலம். வழக்கறிஞரா அதுல வாதாடினவர், பின்னாளில் நீதிபதியான சந்துரு. அந்தப் படம் நேரா ஓடிடியில வந்ததால, நம்ம மாவட்டத்தோட கதையை நம்ம மாவட்டத்து ஜனங்க தியேட்டர்ல பார்க்கலை. தனித்தனியா, ஆளுக்கொரு போன்ல, ஹெட்போன் போட்டுக்கிட்டு அழுதிருக்கோம். ஒரே ஹாலுக்குள்ள சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருந்தா அது வேற அனுபவம்.

அவசரம் என்ன?

படம் அழியும். இதை நாம சீரியஸா எடுத்துக்கிறதே இல்லை. தமிழின் முதல் மௌனப் படம் 'கீசக வதம்' இன்னிக்கு இல்லை. முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931) இல்லை. பி.கே.ரோஸி நடிச்ச மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்' இல்லை. பழைய நைட்ரேட் பிலிம் சுலபமா தீப்பிடிக்கும். அடுத்து வந்த அசிடேட் பிலிம் சூடும் ஈரமும் பட்டா உள்ளுக்குள்ளயே சிதைஞ்சு, டப்பாவைத் திறந்ததும் வினிகர் நாத்தம் அடிக்கும். கடலோர ஊர்ல சூட்டுக்கும் ஈரத்துக்கும் என்ன பஞ்சம்?

புனேயில 1964-ல் தொடங்கின தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பல படங்களைக் காப்பாத்தி வெச்சிருக்கு. 'சிதம்பரம்' எடுத்த அதே அரவிந்தனோட 'தம்பு' படத்தை பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் மீட்டெடுத்து, 2022-ல் கான் விழாவுல திரையிட்டாங்க.  ஒரு ஊர் தன் படத்தைக் கேட்டாத்தான் யாராவது தேடுவாங்க.

பிலிம் மட்டுமில்லை. பரண்ல கிடக்கிற பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், டூரிங் கொட்டாய்ல தரை டிக்கெட் எடுத்து மணலைக் குவிச்சு உட்கார்ந்து பார்த்த பெரியம்மாவோட பேச்சு, ரீல் மாத்தின ஆபரேட்டரோட ஞாபகம், எல்லாமே கணக்குதான். இதுக்கு உங்க போனே போதும். நோட்டீஸை ஸ்கேன் பண்ணுங்க. ஆபரேட்டரை ஃபேன் சத்தம் இல்லாத ரூம்ல உட்கார வெச்சு அரை மணி நேரம் பேச விட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. தேதி, ஊர், பேர் மறக்காம எழுதி வைங்க.

எப்படித் தொடங்குறது?

பக்கத்துலயே முன்மாதிரி இருக்கு. கடலூர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல புதுச்சேரி. அங்கே அரசும் நவதர்ஷன் திரைப்படக் கழகமும் அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து இந்தியத் திரைப்பட விழா நடத்தி, சிறந்த தமிழ்ப் படத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல விருது தர்றாங்க. சென்னையில நீலம் பண்பாட்டு மையம் பி.கே.ரோஸி பேர்லயே விழா நடத்துது. தமுஎகச பல ஊர்கள்ல உலக சினிமா திரையிடுது. ஏன், சிதம்பரமே 1981-லிருந்து நாட்டியாஞ்சலி நடத்திப் பழகின ஊர். வெளியூர் ஆட்களைத் தங்கவெச்சு, சோறு போட்டு, நேரத்துக்கு மேடையேத்துற வித்தை இந்த ஊருக்குப் புதுசில்லை.

முதல் வருஷமே பத்து நாள் விழான்னு இறங்காதீங்க. ரெண்டு நாள், ஆறு படம், ஒரு குறும்படப் போட்டி. போட்டிக்கு ஒரே விதி போதும்: கதை இந்த மாவட்டத்துல நடக்கணும். படத்துக்குப் பின்னாடி பேச நேரம் ஒதுக்குங்க, அதுதான் விழாவோட உயிரே. பேச்சாளர்கள் அரைமணி நேரம் சால்வை போர்த்திக்கிட்டா அந்த உயிர் போயிடும், ஜாக்கிரதை.

உரிமை விஷயத்துல மட்டும் சோம்பேறித்தனம் கூடாது. 'யூடியூப்ல இருக்கே, டவுன்லோட் பண்ணிப் போட்டா என்ன?'ன்னு கேட்காதீங்க. பொதுத் திரையிடலுக்குத் தயாரிப்பாளரோட, உரிமை வெச்சிருக்கிறவரோட எழுத்துபூர்வ அனுமதி வேணும். டிக்கெட் இல்லாத இலவசக் காட்சிக்கும் இதேதான். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, வெளியான வருஷம் முடிஞ்சு 60 வருஷம். 1942 'நந்தனார்' அந்தக் கெடுவைத் தாண்டியாச்சு. 1965-ல் வெளியான 'உன்னைப்போல் ஒருவ'னுக்கு 2025 டிசம்பரோட முடியுது. ஆனா இதுல ஒரு கொக்கி இருக்கு. கதைக்கான உரிமை தனி. எழுத்தாளர் இறந்த வருஷத்திலிருந்து 60 வருஷம். ஜெயகாந்தன் மறைஞ்சது 2015. அதனால அவரோட குடும்பத்துக்கு முறையா ஒரு கடிதம் எழுதிக் கேளுங்க. அனுமதி கேட்டு எழுதுற கடிதத்துல, 'மஞ்சக்குப்பத்துல திரையிடப்போறோம்'ங்கிற வரியை முதல்ல போடுங்க.