ஒரு முகவரி, இரண்டு கருவி

வீட்டு வலையமைப்பில் இரண்டு கருவிகள் ஒரே ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது. மடிக்கணினியில் இணையம் வந்து வந்து போகும். காலையில் அச்சடித்த அச்சுப்பொறி மாலையில் இணைப்பில் இல்லை என்று காட்டும். வைஃபை அடையாளமோ முழுதாகவே இருக்கும். இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துக் காத்திருப்பதில் பயனில்லை. கோளாறு வாசற்படிக்கு உள்ளே இருக்கிறது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஹம்டன் ஒழுங்கையில் 12ஆம் இலக்க வீடு இருக்கலாம், இராமகிருஷ்ண வீதியிலும் இருக்கலாம். தெருப்பெயர் வேறு என்பதால் தபால்காரர் குழம்பமாட்டார். ஒரே ஒழுங்கையில் இரண்டு 12 இருந்தால்தான் கடிதம் தடுமாறும். வலையமைப்பிலும் இதே கதைதான். 32 பிட் ஐபி முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. உலகத்துக்கு அது போதாது. அதனால் 1996 பெப்ரவரியில் வெளியான தரநிலை ஆவணம், தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கிவைத்தது. 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒன்று. ஒரு தொடர்மாடியின் எல்லா வீடுகளிலும் ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்தாலும் மோதல் இல்லை. ஒவ்வொரு வீடும் தனி ஒழுங்கை.

வீட்டுக்குள் இலக்கம் கொடுப்பது ரவுட்டரிலுள்ள டிஎச்சிபி என்ற சேவை. கேட்கும் கருவிக்கு ஒரு முகவரியைக் குத்தகைக்குக் கொடுத்து, யாருக்கு எது என்று பட்டியலில் குறித்துக்கொள்ளும். ஒரு கருவி இன்னொன்றைத் தேடும்போது, "192.168.1.25 யார்?" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கிறது, உரியது தன் வன்பொருள் இலக்கமான மாக் முகவரியைச் சொல்லிப் பதில் தருகிறது. ஏஆர்பி எனப்படும் இந்த முறை 1982இல் வகுக்கப்பட்டது. இரண்டு கருவிகள் பதில் சொன்னால், கேட்டது பெரும்பாலும் கடைசியாக வந்த பதிலையே குறித்துக்கொள்ளும். தரவு ஒரு நேரம் இங்கும் மறுநேரம் அங்கும் போவது இதனால்தான். முகவரியை எடுக்குமுன் வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று சோதிக்கும் வழிமுறை 2008இல் தரநிலையானது. கணினிகள் இதைச் செய்து எச்சரிக்கின்றன. மலிவான கமராப் பெட்டிகளிடமும் பழைய அச்சுப்பொறிகளிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

கொழும்பில் இந்தக் கோளாறை வளர்த்த காரணங்களில் மின்வெட்டும் ஒன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. மலிவான ரவுட்டர்கள் பல தங்கள் குத்தகைப் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் பட்டியலும் போகும். எல்லாக் கருவிகளும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழுந்தால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் மின்வெட்டுக்குப் பயந்து வாங்கிய சிறிய யூபிஎஸ்ஸில் இரண்டாவது வைஃபை பெட்டியை மட்டும் இணைத்த வீடுகளில் நிலைமை வேறு. அந்தப் பெட்டி அணையாததால், அதனூடாக இணைந்த மடிக்கணினிக்குப் பிரதான ரவுட்டர் போய்வந்தது தெரியாது. அது பழைய முகவரியிலேயே இருக்க, எல்லாவற்றையும் மறந்து எழுந்த ரவுட்டர் அதே இலக்கத்தைப் புதிதாய்க் கேட்கும் கைப்பேசிக்குக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, கையால் எழுதப்பட்ட நிலையான முகவரி. கொட்டாஞ்சேனையில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடங்களில் சிசிடிவி பதிவுப்பெட்டி சாதாரணம். டாஹுவா கருவிகளின் தொழிற்சாலை முகவரி 192.168.1.108. ரவுட்டர் 2இலிருந்து 254 வரை எல்லாவற்றையும் பகிர்ந்தால், என்றோ ஒருநாள் 108 ஒரு கைப்பேசியின் கைக்குப் போகும். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் தன் வீட்டுக்கென்று நிலையான முகவரி எழுதிவைத்த மடிக்கணினியை இங்கே திறந்தாலும் இதுவே நடக்கும்.

எல்லாவற்றிலும் கெட்டது இரண்டு ரவுட்டர். தடித்த பழைய சுவர்களைத் தாண்டி வைஃபை அலை போகாதபோது, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இன்னொரு ரவுட்டரை வாங்கிக் கேபிளில் கோர்ப்பார்கள். அதுவும் 192.168.1.1 என்றே பிறந்திருந்தால் வீடே ஸ்தம்பிக்கும். முகவரி வேறானாலும் இரண்டும் இலக்கம் பங்கிடத் தொடங்கினால், பாதிக் கருவிகள் தவறான வாசலைத் தேடிப் போகும்.

கண்டுபிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். முதலில் கருவியின் முகவரியைப் பார்க்க வேண்டும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து இலக்கமே கிடைக்கவில்லை. மற்றவை 192.168.1 ஆக இருக்க ஒன்று மட்டும் 192.168.8 என்றால் இன்னொரு ரவுட்டர் பங்கிடுகிறது. வீட்டில் ஃபைபரோடு 4ஜி பெட்டியும் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். தொடக்கம் சரியாக இருந்தால், சந்தேகத்துக்குரிய கருவியை அணைத்துவிட்டு அதன் முகவரிக்கு வேறொரு கணினியிலிருந்து பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்ப வேண்டும். அணைந்த வீட்டிலிருந்து பதில் வந்தால் உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள். பிறகு அந்தக் கணினியின் ஏஆர்பி பட்டியலில் அந்த முகவரிக்கு நேரேயுள்ள மாக் எண்ணைப் பார்த்தால், அதன் முதல் ஆறு எழுத்துகள் பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும்.

உடனடித் தீர்வு, எல்லாவற்றையும் அணைத்து ரவுட்டரை முதலில் எழுப்பி, இரண்டு நிமிடம் கழித்து மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுப்புவது. அது அடுத்த மின்வெட்டு வரைதான் நிற்கும். நிலையான தீர்வுக்கு ரவுட்டரின் பங்கீட்டு எல்லையை 192.168.1.100 முதல் 200 வரை என்று சுருக்கி, அச்சுப்பொறிக்கும் பதிவுப்பெட்டிக்கும் 100க்குக் கீழே இடம் கொடுக்க வேண்டும். 108இல் இருக்கும் பெட்டியை 20க்கு மாற்றலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அம்மா அப்பாவின் வீட்டைக் கமராவில் பார்ப்பதற்காக ரவுட்டரில் வழிதிறந்து வைத்திருந்தால், அந்த விதியிலும் புதிய இலக்கத்தை எழுத வேண்டும். இதை மறந்தால் அங்கே திரை கறுப்பாகிவிடும். இரண்டாவது ரவுட்டருக்கு 192.168.1.2 என்ற முகவரியைக் கொடுத்து, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிளை இணையத்துக்கான வான் துளையில் அல்ல, வீட்டுக் கருவிகளுக்கான லான் துளையில் செருக வேண்டும்.

மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் மாக் எண்ணைக் கொண்டு எப்போதும் ஒரே முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவைக்கலாம். கைப்பேசிக்கு இப்படி ஒதுக்கிவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் தங்கள் உண்மையான மாக் எண்ணை மறைத்து மாற்று எண்ணைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை நிறுத்தினால் ஒதுக்கீடு பிடிக்கும்.

வேலை முடிந்ததும், யூபிஎஸ்ஸில் உள்ளதை அப்படியே விட்டுப் பிரதான ரவுட்டரின் இணைப்பை மட்டும் பிடுங்கி, ஐந்து நிமிடத்தின் பின் செருகிப் பார்க்க வேண்டும். அச்சுப்பொறி, கமரா, மடிக்கணினி மூன்றும் பழைய இலக்கத்திலேயே பதில் சொன்னால் பங்கீடு சரி.