புகையை விட்டவருக்குத் துணை நிற்போம்

"இனிப் பீடியைத் தொடேன்" என்று குடும்பத் தலைவர் உறுதிகூறும் நாளில் இல்லமே மகிழ்கிறது. ஆனால், மூன்றாம் நாள் அதே மனிதர் சிறு ஓசைக்கும் சீறி விழுகிறார். இரவெல்லாம் உறக்கமின்றிப் புரள்கிறார். "இதற்குப் பேசாமல் புகைத்துக்கொண்டே இருந்திருக்கலாம்" என்று மனைவியே சலித்துக்கொள்கிறார். நம் குடும்பங்களில் நல்ல முயற்சிகள் பல முறிவது இவ்விடத்தில்தான்.

நடப்பது இன்னதென நாம் அறிந்துகொள்ள வேண்டும். புகையிலுள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டி இன்ப உணர்வைத் தூண்டுகிறது. ஆண்டுக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, அது கிட்டாதபோது தவிக்கிறது. எரிச்சலும் பதற்றமும் அத்தவிப்பின் அறிகுறிகளேயன்றிக் குணக்கேடு அல்ல. முதல் 2, 3 நாள்களில் அவை உச்சமடைந்து, பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும்.

புகை வேட்கையோ கடலலை போன்றது. எழும், உயரும், சில நிமிடங்களில் தானே அடங்கும். அந்நிமிடங்களைக் கடத்திவிட்டால் போதும். ஒரு குவளை நீரை மெல்லப் பருகலாம். ஏலக்காயை வாயிலிட்டு மெல்லலாம். சற்று நடந்து வரலாம், தேநீர்க்கடை இருக்கும் திசையில் மட்டும் வேண்டாம். தேநீரும் பீடியும் பலருக்கு இணைபிரியாத் தோழர்கள் அல்லவா? ஆகவே, சில வாரங்களுக்கு வீட்டிலேயே தேநீர் கிடைக்கட்டும். பீடிக்கு மாற்றாக வெற்றிலையோடு புகையிலை போடுவதோ, ஒரு குழியினின்று ஏறி மறு குழியில் விழுவதாகும்.

தனித்துப் போராட வேண்டிய தேவையும் இன்றில்லை. மருத்துவரின் அறிவுரையோடு நிக்கோட்டின் மெல்லுபசையைப் பயன்படுத்தலாம். 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மைய அரசின் ஆலோசனைப் பணி 2016 முதல் நடைபெற்று வருகிறது.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். சட்டைப் பையைச் சோதிக்காதீர்கள். பிள்ளைகள் முன் பழித்துரைக்காதீர்கள். நாணமுற்றவர் மறைந்து புகைப்பாரேயன்றி விடமாட்டார். ஒருநாள் தவறிவிட்டாலும், "எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது ஆசை எழுந்தது?" என்று அன்போடு கேளுங்கள். அடுத்த முறை அவ்விடத்தில் விழிப்பாயிருக்க அது உதவும். பலமுறை முயன்ற பின்னரே வென்றவர் மிகப் பலர்.

புகையை விட்ட ஓராண்டில், புகைப்பதால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நம் தந்தையரும் மைந்தரும் நம்மோடு நெடுநாள் வாழ, சில வாரங்கள் அவர்தம் சினத்தைப் பொறுத்துக்கொள்வது நமக்கு அரிதோ?