பழி எத்தனை ஆண்டு நிற்கும்?

'காலம் ஆற்றும்' என்று எல்லோரும் சொல்வார்கள், எத்தனை காலம் என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆல்ஃபிரட் ப்ளம்ஸ்டீனும் கிமினோரி நகமுராவும் அதை எண்ணிப் பார்த்தார்கள். 1980இல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முறை கைதான சுமார் 88,000 பேரின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: மறுபடி கைதாகும் வாய்ப்பு எப்போது மற்றவர்களுடையதற்குச் சமமாகிறது?

வரைபடத்தில் கைதானவரின் கோடு உயரத்தில் தொடங்கி மளமளவென்று இறங்குகிறது. அதே வயதுள்ள பொதுமக்களின் கோடு தாழ்வாக ஓடுகிறது. 18 வயதில் வழிப்பறிக்குப் பிடிபட்டவருக்கு இரண்டு கோடுகளும் 7.7 ஆண்டில் சந்திக்கின்றன, கன்னக்களவுக்கு 3.8 ஆண்டில். 2009இல் வெளியான இந்த ஆய்வு அந்தச் சந்திப்புக்கு 'மீட்பு' என்றே பெயர் வைத்தது. புள்ளியியலில் அபூர்வமாகத் தென்படும் கருணை இது.

போலிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தவரின் பழி அந்த ஆய்வில் இல்லை. ஆனால் கேள்வி அவருக்கும் அதேதான். அரசு வேலையில் அதற்குப் பதில் கடுமையானது. மகாராஷ்டிரத்திலிருந்து போன இந்திய உணவுக் கழக வழக்கில், பொய்யான சாதிச் சான்றிதழில் பெற்ற பணியை எத்தனை ஆண்டு சேவையும் காப்பாற்றாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய நாற்காலிகளின் கதை வேறு. சுயவிவரத்தில் தான் வாங்காத கணினிப் பட்டம் இடம்பெற்றிருந்ததால் 2012 மே மாதம் யாஹூ தலைமையிலிருந்து விலகிய ஸ்காட் தாம்சன், ஜூலையில் வேறொரு நிறுவனத்துக்குத் தலைவரானார். இரண்டே மாதம்!

நாற்காலி இல்லாதவர் என்ன செய்வது? வீட்டில் காத்திருந்தால் கோடு இறங்கலாம், ஆனால் வேலைப் பதிவில் ஓட்டை விழும். ஓட்டை இருந்தால் எச்.ஆர். கேட்பார். இங்கே ஒரு வேடிக்கை. போலி அனுபவச் சான்றிதழைக் காட்டிக்கொடுப்பது பல நேரம் பி.எஃப். பாஸ்புக்தான். யு.ஏ.என். என்ற 12 இலக்க பி.எஃப். எண்ணின் கீழ் எந்த நிறுவனம் எந்த மாதம் சந்தா கட்டியது என்பது வரிசையாக நிற்கும். மூன்று வருட வேலையை லெட்டர்ஹெட்டில் அடித்துவிடலாம். முப்பத்தாறு மாதச் சந்தாவை அடிக்க முடியாது. அதே கறார் கணக்கில், பி.எஃப். கட்டும் சின்னக் கம்பெனியில் பார்த்த வேலையும் மாதாமாதம் பதிவாகும். ஒன்றரை வருடமே ஆனாலும், உண்மையாகப் பார்த்த வேலைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சின்ன வேலையானாலும் உண்மையானதே சாட்சி என்ற இந்தத் தர்க்கத்தை மும்பை தேவ்நாரில் வேறு ஆட்களிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். 1954 முதல் அங்கே இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டம் 'பிரயாஸ்'. 1990இல் தொடங்கியது. சிறையிலிருந்து வெளியே வருபவர்களைத் தொண்டு நிறுவனங்களில் பயிற்சியாளர்களாகச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து வேலை பழக்குகிறது. தொகை பெரிதல்ல. ஆனால் சில மாதம் நேரத்துக்கு வந்து போனவரைப் பற்றி அடுத்த முதலாளி விசாரித்தால், 'ஆமாம், எங்களிடம்தான் இருந்தார்' என்று சொல்ல ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். போலிக் கடிதம் எழுதியவரிடம் இல்லாமல் போனது அப்படியொரு ஆள்தான்.