பிள்ளை பிடிக்கிறவனிலிருந்து ஐந்து விரல் வரை

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் பிள்ளைகளோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த பெற்றோர் அன்று சொல்லிக்கொடுத்த பாதுகாப்புப் பாடம் ஒன்றே ஒன்று: "கையை விடாதே, பிள்ளை பிடிக்கிறவன் தூக்கிட்டுப் போயிடுவான்." இன்று தீபத் திருவிழாவில், பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் காவலர்களே குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்கள். கூட்டத்தில் தொலையாமலிருக்க நல்ல ஏற்பாடு. வீட்டுக்குள்ளும் டியூஷனிலும் பள்ளி வேனிலும் நேர்வதற்கு எந்தப் பட்டையும் உதவாது.

அன்றைய பாடத்தில் ஆபத்துக்கு எப்போதும் அயலார் முகம். அந்தப் பயம் எதுவரை போகும் என்பதை இந்த மாவட்டமே பார்த்தது. 2018 மே மாதம், பிள்ளை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினரோடு போளூர் பக்கம் வந்த மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அத்திமூரில் கூடிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

அந்தப் பயம் திசை தவறியது என்பதற்கும் சான்று உண்டு. 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 சிறார்களிடம் கேட்டது. பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். தொல்லை தந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், பிள்ளை அறிந்த, நம்பிய மனிதர்கள். நடந்ததைப் பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கான இன்றைய பாதுகாப்புப் பயிலரங்கு தொடங்குவது இங்கேதான். 2004-ல் சென்னையில் தொடங்கிய 'துளிர்' போன்ற அமைப்புகள் இதற்கு வழி போட்டன. ஆள் யார் என்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கப் பிள்ளைகள் பழகுகிறார்கள். மாமாவானாலும் வாத்தியாரானாலும், உடையால் மறைக்கும் இடங்களைத் தொட்டால், "யார்கிட்டயும் சொல்லாதே" என்றால், அது தப்பு. உரக்க "வேண்டாம்" சொல்லு, அங்கிருந்து நகரு, நம்பும் ஒருவரிடம் சொல்லு. இதைப் பலகையில் எழுதிப் போட்டால் பதியாது. அதனால் நடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். முதலில் குரலே எழும்பாத பிள்ளை, மூன்றாம் முறை வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். பிறகு தன் கையைத் தாளில் வைத்து வரைந்து, விரலுக்கு ஒருவராக, நம்பிச் சொல்லக்கூடிய ஐந்து பேரை எழுதும். முதல் ஆள் நம்பாவிட்டால் அடுத்த விரல். எனக்கு இந்தப் பயிற்சியில் மிகப் பிடித்தது இதுதான். பெரியவர்கள் கைவிடக்கூடும் என்பதையும் பிள்ளையிடம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

சட்டமும் கூடவே வந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதே தண்டனைக்குரியது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் பிள்ளையே பேசலாம்.

அந்த ஐந்து விரல்களுக்கு உரியவர்களுக்குத்தான் இன்னும் போதிய பயிற்சி இல்லை. பிள்ளை வந்து சொல்லும்போது "நீ ஏன் அங்கே போனே?" என்று கேட்காதிருக்க அப்பாக்களும் தாத்தாக்களும் பழக வேண்டும். அதற்கான கூட்டத்தைப் பள்ளி நேரத்தில் போட்டால் கூலி வேலைக்குப் போனவர்கள் எப்படி வருவார்கள்? மாலை ஏழு மணிக்கு, தெருவிலேயே நடத்தட்டும்.