மெயில் கம்பெனி மாறினாலும் முகவரி மாறாது!

சொந்தப் பெயரில் இ-மெயில் வைக்க வழி இருக்கு

உத்திரமேரூர்:

உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை தேடும் இளைஞர்கள் பயோடேட்டாவில் தவறாமல் எழுதுவது இரண்டு. ஒன்று செல் நம்பர், இன்னொன்று இ-மெயில் முகவரி.

செல் நம்பர் பிரச்சினை இல்லை. நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20-ந்தேதி நாடு முழுக்க வந்து விட்டது. இலவச இ-மெயிலில் அது நடக்காது. முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பது மெயில் கம்பெனியின் பெயர். வாடகை வீடு மாதிரிதான். காலி பண்ணினா அட்ரசும் போச்சு.

கணக்கு குளோஸ்

இந்தியாடைம்ஸ் மெயில் 2013-ல் மூடப்பட்டது. 2 ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. பாஸ்வேர்டு மறந்து போனால் புதுசு வாங்க லிங்க் வருவதே மெயிலுக்குத்தான். டி.என்.பி.எஸ்.சி. பதிவுக்குக் கொடுத்த மெயிலே போய்விட்டால் அலைச்சல்தான்.

சொந்த டொமைன்

இதற்கு வழி, சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்குவது. 'டாட் இன்' பெயர்கள் 2005 முதல் பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. ஆண்டுக்கு சில நூறு ரூபாய் ஆகும். முதல் வருஷம் ஆபர் விலை, அடுத்த வருஷம் கூடுதல் விலை என்று இருக்கும். அதைக் கேட்டுக் கொண்டு வாங்குவது நல்லது. மெயில் பெட்டிக்கு தனியாக ஒரு மெயில் கம்பெனியில் சேர வேண்டும்.

அந்தக் கம்பெனி பிடிக்கவில்லையா? டொமைன் கணக்கில் 'எம்.எக்ஸ். ரெக்கார்டு' என்று ஒரு வரி இருக்கும். கடிதத்தை எங்கே கொண்டு போய்ப் போடுவது என்று சொல்லும் வரி அது. அதை மாற்றினால் ஒன்றிரண்டு நாளுக்குள் கடிதங்கள் புது கம்பெனிக்கு வர ஆரம்பித்து விடும். பழைய கடிதங்கள் தானாக வராது. கணக்கை மூடும் முன்பே காப்பி எடுத்து விட வேண்டும்.

12 லட்சம் பேர்

மத்திய அரசு செய்ததும் இதுதான். சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயில், கூடுவாஞ்சேரி அருகே ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோவின் தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் தகவல் வெளியானது. 'ஜி.ஓ.வி. டாட் இன்' அரசின் சொந்த டொமைன் என்பதால் யாருக்கும் முகவரி மாறவில்லை. அதே மாதம் ஜோஹோ மெயிலுக்கு மாறிய மத்திய மந்திரி அமித்ஷா, புது முகவரியை எக்ஸ் தளத்தில் ஊருக்கே அறிவிக்க வேண்டி இருந்தது!

உஷார்

டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் வேறு ஆள் வாங்கி விடலாம். உங்களுக்கு வரும் ஓ.டி.பி. முதல் எல்லா மெயிலும் அவருக்குப் போகும். கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லி வாங்கினாலும் பதிவு உங்கள் பெயரில், உங்கள் செல் நம்பரில் இருக்க வேண்டும். டொமைன் விற்கும் கம்பெனியிடம் அதே டொமைன் மெயிலைக் கொடுக்காமல் வேறு மெயிலைக் கொடுப்பது அவசியம். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் வேலை செய்யாது. 'பணம் கட்டுங்க' என்று வரும் கடைசி எச்சரிக்கை கூட கண்ணில் படாது.