அகல் விளக்கும் ஆரஞ்சுத் தாளும்

கார்த்திகை தீபத்தன்று அத்தை வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தார். சுடர் வெளிச்சத்தில் அவர் முகம் பொன் பூசினாற்போல் இருந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தேன். இருட்டில் கலங்கலாக விழுந்தது. ஃபிளாஷைப் போட்டு மறுபடி எடுத்தேன். திரையை எட்டிப் பார்த்த அத்தை, "என்னடா இது, மூஞ்சில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு!" என்றார். அவர் சொன்னது சரிதான். பின்னால் சுவரில் சுடரின் மஞ்சள் அப்படியே இருந்தது. முகம் மட்டும் வெளிறி, லேசாக நீலம் பாரித்து, வேறெங்கோ எடுத்ததை வெட்டி ஒட்டியதுபோலத் தெரிந்தது.

ஃபிளாஷின் குறை அதன் கடுமைதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மெல்லிய வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்தும் பார்த்திருக்கிறேன். பளிச்சென்ற கூச்சம் கொஞ்சம் தணியும், நீலம் போகாது. உண்மையான கோளாறு நிறத்தில் இருக்கிறது.

போனின் ஃபிளாஷ் அணைந்திருக்கும்போது அதை உற்றுப் பாருங்கள். மஞ்சளாக ஒரு பொட்டுத் தெரியும். அது பாஸ்பர் பூச்சு. அதன் அடியில் இருப்பது காலியம் நைட்ரைடு சேர்மத்தால் ஆன சிறு சில்லு. அது உமிழ்வது நீல ஒளி. அந்த நீலத்தில் ஒரு பகுதியைப் பூச்சு விழுங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. தப்பி வரும் நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகின்றன. பிரகாசமான நீல எல்.இ.டியை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் அந்த நீலம் இருக்கிறது. அத்தையின் முகத்தில் விழுந்ததும் அதுதான்.

வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. கொல்லர் உலையில் காயும் இரும்பு முதலில் செக்கச் சிவந்து, பிறகு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெண்மையை நோக்கிப் போகும். வெப்பம் இன்னும் ஏறினால் ஒளி நீலத்தின் பக்கம் சாயும். இந்த வரிசையை வைத்தே ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிக்கிறார்கள். விளக்குச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2700 அளவில், நண்பகல் வெயில் 5500. போனின் ஃபிளாஷும் பெரும்பாலும் இந்த வெயிலை ஒட்டியே அமைந்திருக்கும். ஆக, அகல் எரியும் வாசலில் ஃபிளாஷ் போடுவது, இருட்டில் ஒரு துண்டு நண்பகலைக் கொண்டுவந்து முகத்தில் வைப்பதற்குச் சமம்.

நம் கண்ணும் மூளையும் எந்த விளக்கின் கீழும் வெள்ளை வேட்டியை வெள்ளையாகவே காண்கின்றன. கேமராவில் அந்த வேலையைச் செய்வது ஒயிட் பேலன்ஸ். ஆனால் அது பொதுவாக ஒரு படத்துக்கு ஒரே எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். ஃபிளாஷுக்குப் பொருந்தும் எண்ணை எடுத்தால் சுவர் ஆரஞ்சில் மூழ்கும். சுடருக்குப் பொருந்துவதை எடுத்தால் முகம் நீலமாகும். எடுத்த பிறகு திருத்தலாமே என்றால், அங்கும் இதே சிக்கல்: ஒன்றைத் தூக்கினால் மற்றொன்று இறங்கும். படம் எடுக்கும் முன்பே இரண்டு ஒளியையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி. சுடரை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஃபிளாஷை மாற்றலாம்.

அதற்கு வேண்டியது ஒரு வண்ணத் தாள். நாடக மேடையிலும் சினிமாவிலும் விளக்கின் முன் மாட்டுவார்களே, அதே ஜெல். ஒரு காலத்தில் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டினில் சாயம் கலந்து வார்த்ததால் இந்தப் பெயர். அது நனைந்தால் கரையும், காய்ந்தால் நொறுங்கும், விளக்கின் சூட்டில் கருகும். இப்போது பாலியஸ்டர், பாலிகார்பனேட் வந்துவிட்டன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சு ஜெல் ஒளியில் ஆரஞ்சைச் சேர்ப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் நீலத்தைத் தடுக்கிறது, மற்றதை விடுகிறது. வடிகட்டிதான் அது, வெளிச்சத்திலும் ஒரு பங்கு அதில் நின்றுவிடும்.

எவ்வளவு ஆரஞ்சு வேண்டும் என்பதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் வருவது மிரெட். ஃபிளாஷ் 5500 கெல்வின் என்று கொண்டால் 182 மிரெட். ஒளியமைப்பாளர்கள் 'ஃபுல் சி.டி.ஓ' என்று கேட்டு வாங்கும் ஆரஞ்சு ஜெல்லில், லீ நிறுவனத்தின் 204ஆம் எண் தாள் 159 மிரெட்டைக் கூட்டும். மொத்தம் 341, திருப்பி வகுத்தால் சுமார் 2930 கெல்வின். குண்டு பல்பின் பக்கத்தில் வந்துவிட்டோம். இன்னொரு தாளை அதன் மேல் வைத்தால் 500 மிரெட், அதாவது 2000 கெல்வின். அகல் சுடர் அங்கேதான் இருக்கிறது!

விலை வெளிச்சத்தில். ஒரு தாள் ஏறத்தாழ 55 சதவீத ஒளியைத்தான் விடும். இரண்டு தாளைக் கடந்து வருவது சுமார் 30 சதவீதம். இதற்கு மாற்று, நெருங்கிப் போவது. தூரத்தைப் பாதியாக்கினால் முகத்தில் விழும் ஒளி நான்கு மடங்காகும். 6 அடியில் நின்றவர் 3 அடிக்கு வந்தால் இழந்தது முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும். மறு வருடம் இப்படித்தான் இரண்டு தாளோடு அத்தைக்கு அருகில் போய் எடுத்தேன். முகமும் சுவரும் ஒரே சுடரின் வெளிச்சத்தில் இருந்தன. அத்தை படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை எனக்கு அனுப்பு" என்றார்.

இந்தத் தேவையைப் போன் செய்பவர்களும் அறிவார்கள். 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸில் வெள்ளை ஒன்று, ஆம்பர் ஒன்று என இரண்டு எல்.இ.டிகளை வைத்து, அறையின் ஒளிக்கு ஏற்பக் கலந்து அடிக்கச் செய்தது ஆப்பிள். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அகல் சுடரின் ஆழத்துக்கு இறங்க ஜெல்தான் கைகொடுக்கும்.

விரல் நக அளவுக்கு ஒரு துண்டு போதும். அதனால் ஜெல் நிறுவனங்களின் மாதிரிப் புத்தகம், வண்ணத்துக்கு ஒன்றாகச் சிறு தாள்களைக் கோத்தது, நமக்கு மிக வசதி. கைவினைக் கடைகளில் ஜெலட்டின் பேப்பர் என்று விற்கும் கண்ணாடித் தாளிலும் தொடங்கலாம். ஆனால் அதன் நிறம் அளந்து செய்யப்பட்டதல்ல, இரண்டு மூன்று வகையைப் போட்டுப் பார்க்க வேண்டும். துண்டை ஃபிளாஷின் மேல் மட்டும் ஒட்டுங்கள். லென்ஸில் படக்கூடாது; சில போன்களில் பக்கத்திலேயே இருக்கும் மைக் துளையையும் மூடக்கூடாது. டார்ச்சாக வெகுநேரம் எரிய விடாதீர்கள், சூடேறும். புரோ மோடு உள்ள போனில் ஒயிட் பேலன்ஸை 3000 அருகே வைத்தால் நிறம் நிலையாக நிற்கும். சுடரின் பொன்னிறம் கொஞ்சம் மிஞ்சியிருக்கவும் அதுவே நல்லது.

இதே அமைப்பை அந்திக் கடற்கரைக்குக் கொண்டுபோங்கள். ஒரு ஆரஞ்சுத் தாள், ஒயிட் பேலன்ஸ் 3000. ஃபிளாஷ் படும் முகம் இயல்பாக இருக்கும். ஃபிளாஷ் எட்டாத வானம் பகலொளியின் மிச்சம் என்பதால் ஆழ்ந்த நீலமாக மாறிவிடும். வெளுத்துப்போன மாலையைக்கூட இந்த வித்தை மீட்டுவிடுகிறது.

எல்லா விளக்குக்கும் ஆரஞ்சு சரிவராது. பழைய டியூப்லைட்டில் பாதரச ஆவியின் 546 நானோமீட்டர் பச்சை துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு 'பிளஸ் கிரீன்' என்ற இளம்பச்சை ஜெல் வேண்டும். இப்போதைய எல்.இ.டி டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின். ஃபிளாஷோடு அதுவே ஒத்துப்போகும், ஜெல் வேண்டாம். தெருவில் சோடியம் விளக்கு என்றால் அதன் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளில் குவிந்து கிடக்கும். ஜெல் அதை நெருங்கும், முழுதாக ஒத்துப்போகாது.

அடுத்த கார்த்திகைக்கு இரண்டு ஆரஞ்சுத் துண்டுகளை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு ஏற்றுபவரின் பக்கத்தில் போய் எடுங்கள். மறுநாள் வெயிலில் ஃபிளாஷ் போடும் முன் அவற்றை மறக்காமல் உரித்துவிடுங்கள்.