அத்தாவைப் பார்க்கப் போன விடுமுறை

உங்கள் வீட்டிலும் ஒரு சபுராளி இருக்கக்கூடும். கணவராகவோ, மகனாகவோ, மருமகனாகவோ ஒருவர் கடல் கடந்து உழைத்துக்கொண்டிருக்க, அவர் அனுப்பும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் நம்மிடையே எத்தனை! 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வோர் கணக்கெடுப்பு, வெளிநாடுகளில் வாழும் தமிழகத்தவர் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் அதில் முன்வரிசையில் இருந்தன. அந்த லட்சங்களில் ஒருவர் என் மருமகன். ஆகவே, எங்கள் வீட்டுக் கதையை உங்களிடம் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு அப்போது வயது ஒன்பது. 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் தாயுடன் ஷார்ஜாவுக்குச் சென்று, முப்பது நாட்கள் தங்கி வந்தான். போய்வந்த செய்தியை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் இரவுகளில், மலை கரிய நிழலாய் எதிரே நிற்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். முதல் வாரம் உயர்ந்த கட்டடங்களைப் பற்றிச் சொன்னான். மூன்றாம் வாரம்தான் தன் அத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

இந்தப் பிரிவு நமக்குப் புதியதன்று. என் தந்தை பினாங்கில் கடை வைத்திருந்தார். ‘ரஜூலா’ கப்பலிலும், பிற்பாடு ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலிலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவார். 1985இல் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்ட பிறகு அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோயிற்று. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது வந்த தந்தையைக் கண்டு, யாரோ அந்நியர் வீட்டினுள் நுழைகிறார் என்று அலறி, உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேனாம். ஊரார் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தந்தை சிரித்தாரா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் குழந்தைகளை அழைத்துச் சென்று பயண ஊரைக் காட்டும் வழக்கமும் இல்லை. பினாங்கு எங்களுக்கு மரப்பெட்டியின் வாசனையாகவும், கடிதத்தின் மேலிருக்கும் தபால்தலையாகவுமே இருந்தது. வளைகுடாக் காலம் வந்தபோது கடிதத்தோடு ஒலிநாடாக்களும் வந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஒலிநாடாவைக் கேட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்று நிலைமை வேறு. மதுரை விமான நிலையம் எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பெருங்குடியில் இருக்கிறது. ஏறினால் நான்கு மணி நேரத்தில் துபாய். ஆனால் ஏறுவதற்குள் படும் பாடு தனி. குழந்தையின் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதை மறந்துபோய் நாங்கள் கடைசி நேரத்தில் அலைந்தோம். நீங்கள் அப்படி அலையவேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன். மருமகனுக்குப் பிடிக்குமே என்று நான் குருமாவுக்கு மசாலா அரைத்துப் பொட்டலம் கட்டியிருந்தேன். அதில் கசகசா சேர்த்திருந்தேன். செய்தி கேட்டு மருமகன் தொலைபேசியில் பதறிவிட்டார். அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். நம் சமையலறையில் நாம் எண்ணிப்பாராமல் அள்ளிப் போடும் அந்த வெள்ளை விதைக்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. சிலவகை இருமல் மருந்துகளுக்கும் வலி மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு இருக்கிறது. மசாலாவைத் திருப்பி எடுத்து வைத்தேன். முறுக்கும் கருவாடும் போயின.

அவர்கள் போகவிருந்த நேரம் நல்ல நேரமாகவும் இல்லை. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி அமீரகத்தில் பெய்த மழை, 1949இல் அங்கே பதிவேடுகள் தொடங்கிய நாளிலிருந்து காணாதது. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. துபாய் விமான நிலையத்தின் ஓடுபாதை குளமாயிற்று. ஷார்ஜாவின் தெருக்கள் சிலவற்றில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று மகள் கேட்டாள். “தள்ளிப்போட்டால் அடுத்த வருடம்தான்” என்றார் மருமகன். ஏப்ரல் இறுதியில் கிளம்பிவிட்டார்கள்.

விமான நிலையத்தில் நடந்ததை மகள்தான் சொன்னாள். பையன் தன் அத்தாவை உடனே அடையாளம் கண்டுகொண்டான். தினமும் தொலைபேசித் திரையில் பார்க்கும் முகமல்லவா? ஆனால் அருகில் வந்ததும் நின்றுவிட்டான். “அத்தா இவ்வளவு உயரமா?” என்று தாயிடம் மெல்லக் கேட்டானாம். அவர் கடைசியாக ஊருக்கு வந்தது இரண்டாண்டுகளுக்கு முன்பு, நாற்பது நாள் விடுப்பில். திரையில் முகம் மட்டும் தெரியும். ஆள் எவ்வளவு உயரம் என்று தெரியாது. என் தந்தையைக் கண்டு நான் ஒளிந்தேன். அவன் ஒளியவில்லை. ஆனால் கைகொடுத்து ஸலாம் சொன்னான், விருந்தாளியிடம் சொல்வதுபோல.

ஷார்ஜாவில் ரோலா என்னும் பகுதியில், ஒரு குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை மருமகன் ஒரு மாதத்துக்கு எடுத்திருந்தார். ரோலா என்றால் ஆலமரம் என்று பொருளாம். பழைய காலத்தில் ஊரார் கூடும் பெரிய ஆலமரம் ஒன்று அங்கே இருந்து, 1978இல் விழுந்துவிட்டது. அதன் நினைவாகச் சதுக்கம் இருக்கிறது. “மரம் இல்லாத ஆலமரத்தடியில் இருந்தோம் நன்னி” என்றான் பேரன். வெள்ளிக்கிழமையும் விடுமுறை நாளும் அந்தச் சதுக்கத்தில் தமிழும் மலையாளமும் வங்காளமும் உருதும் ஒன்றாய்க் கேட்குமாம். கீழ்வீட்டு வாடகைக் கார் ஓட்டுநர் பெஷாவர்க்காரர். அவர் தினமும் ஒரு பேரீச்சம்பழத்தை அவன் கையில் வைத்து ஏதோ சொல்வார். என்ன சொன்னார் என்று அவனுக்குத் தெரியாது. ஊருக்கு வந்து பள்ளியில் அவரைப் பற்றிச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டான். “பேரீச்சம்பழம் தந்த மாமாவைப் பற்றிச் சொல்வதற்கென்ன?” என்றேன்.

முதல் சில நாட்கள் அவன் கணக்குப் போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறான். துபாய்க் கழிமுகத்தை ‘அப்ரா’ என்னும் படகில் கடக்க ஒரு திர்ஹம். நம் பணத்தில் அப்போது இருபத்திரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். தண்ணீர் பாட்டிலுக்கு இவ்வளவு, குபூஸ் ரொட்டிக்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் இருபத்திரண்டால் பெருக்கினான். அத்தா அவனுக்கு ஒரு பொம்மைக் காரை எடுத்தபோது, பெருக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டான். கேட்கும்போது எனக்குப் பெருமையாக இல்லை, சகோதரிகளே, நெஞ்சு வலித்தது. “அத்தா கஷ்டப்பட்டு அனுப்புகிறார்” என்று நாம் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறோம். அதன் விளைவு இப்படியும் வரும்.

ஓட்டுநரில்லாமல் ஓடும் ரயில் அவனை மிகவும் கவர்ந்தது. 2009 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கிய ரயில் அது. முன்பெட்டியின் கண்ணாடியருகே நின்று, தானே ஓட்டுவதாக எண்ணிக்கொண்டு இரண்டு முறை போய்வந்தானாம். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவைக் கீழிருந்துதான் பார்த்தார்கள்; மேலே போகக் கட்டணம் அதிகம். “நம்ம மலையைவிட உயரமா அத்தா?” என்று கேட்டிருக்கிறான். “உயரம்தான். ஆனால் மலையில் செங்கல் சுமந்தவர் யாருமில்லை. இதில் நம் நாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சுமந்திருக்கிறார்கள்” என்று சொன்னாராம். அந்தக் கட்டடத்தைப் பற்றிய ஒரு செய்தி பேரனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. உயரத்தில் இருப்பவர்களுக்குச் சூரியன் தாமதமாக மறைகிறது. ஆகவே 80ஆம் மாடிக்கு மேல் குடியிருப்போர் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் இருப்போர் மூன்று நிமிடமும் பிந்தி நோன்பு திறக்கவேண்டும் என்று 2011 ரமளானில் துபாய் மார்க்க அறிஞர்கள் அறிவித்தார்கள். “அப்படின்னா மலை உச்சியில் இருப்பவங்க?” என்று என்னைக் கேட்கிறான். எங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிவாசலில் அவனுக்கு இன்னொரு வியப்பு. பக்கத்தில் நின்ற அரபியர் ஒருவர் தொழுகையில் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நின்றார். அஸர் பாங்கும் நம் ஊரைவிட முந்திச் சொல்லப்பட்டது. நாங்கள் ஹனஃபிகள், அங்கே மாலிகி மத்ஹபு வழக்கில் இருக்கிறது. அவர் தொழுகை சரியா, நம்முடையது சரியா என்று அவன் கேட்க, நான்கு இமாம்களைப் பற்றியும் மருமகன் பள்ளியின் வாசற்படியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த அரைமணி நேரத்தைப் பேரன் என்னிடம் மூன்று முறை சொன்னான். ரயிலை இரண்டு முறைதான் சொன்னான்.

இனி, அவன் கடைசியாகச் சொன்னதற்கு வருகிறேன்.

“அத்தா ஆபீஸில் வேலை பார்க்கிறார்” என்றுதான் நாங்கள் அவனுக்குச் சொல்லி வளர்த்தோம். பள்ளியிலும் அப்படியே எழுதியிருக்கிறது. உண்மையில் மருமகனுக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. வந்திறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறித்து அடுக்கவைக்க வேண்டும். ஆள் குறைந்தால் தாமே தூக்கவும் வேண்டும். ஒருநாள் வீட்டில் மறந்துவைத்த சாவியைக் கொடுப்பதற்காகத் தாயும் மகனும் கிடங்குக்குப் போக நேர்ந்தது. மே மாதத்து நண்பகல். வெட்டவெளியில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை ஓய்வு தரவேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் உண்டு. அது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்குத்தான். மே மாதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நம் அக்னி நட்சத்திரத்தில் நிழல் தேடி ஓடுகிறோமே, அதைவிடக் கொடிய வெயிலில் ஒரு லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் தன் அத்தாவை அவன் கண்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததாம். அவர் மகனைக் கண்டதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நடந்து வராமல் சற்று நேரம் அங்கேயே நின்றாராம்.

அன்று மாலை அவர் வேறொன்று செய்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று எண்ணினாரோ என்னவோ, தாம் வழக்கமாகத் தங்கும் இடத்துக்கு மகனை அழைத்துச் சென்றார். ஓர் அறை, ஆறு கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள். அங்கே இதைப் ‘பெட் ஸ்பேஸ்’ என்பார்கள். அறைக்கன்று, படுக்கைக்குத்தான் வாடகை. அவருடையது கீழ்க்கட்டில். “படுத்துப் பார்” என்றார். படுத்து மேலே பார்த்தால், மேல்கட்டிலின் அடிப்பலகையில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. நான்கு வயதில், திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்தில், ஐஸ் வடியும் கையோடு அவன் நிற்கும் படம்.

“அதுல நான் ரொம்பச் சின்னப் பையன் நன்னி. அத்தா இன்னும் அந்தப் பையனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு” என்றான்.

இதை எழுதும்போது, நாங்கள் சொன்ன பொய்யைப் பற்றி யோசிக்கிறேன். மருமகன் பெயருக்கு மதிப்பாக இருக்கட்டும் என்று சொன்னதுதான். அவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிடங்கு வாசலில் அவர் தலைகுனிந்து நின்றதற்கு வெயிலா காரணம்? பெட்டி தூக்குவது இழிவென்று அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. ‘ஆபீஸ்’ என்று சொல்லிச் சொல்லி நாங்கள்தான் கற்பித்திருக்கிறோம். மகளும் நானும் இதைப் பற்றி ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவளே பள்ளிக்குச் சென்று, அந்த ஏட்டில் திருத்தி எழுதச் சொல்லிவிட்டு வந்தாள்.

“குடும்பத்தோடு அங்கேயே இருந்துவிடலாமே” என்று நீங்கள் கேட்கலாம். 2019இல் வந்த விதிப்படி மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் ஊதியமுள்ளவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் இடம் கொடுப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த மகள் ஒரு பக்கம் முழுதும் எழுதி, பின் மடித்து வைத்துவிட்டாள்.

மே இறுதியில் ஊர் திரும்பினார்கள். விமான நிலையத்தில் பையன் அழவில்லையாம். பெருங்குடியில் இறங்கி, ஆட்டோவில் வரும்போது மலை கண்ணில் பட்டதும் அழுதானாம். வரும் முன் அங்கே ரோலாவில் ஒரு கடையில் படம் எடுத்து, தன் புதிய புகைப்படத்தை அத்தாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். பழையதை எடுத்துவிட்டு இதை ஒட்டவேண்டும் என்பது கட்டளை.

அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் அமீரகத்தில் ஜூன் 16, நமக்கு ஜூன் 17. ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தியக் கடிகாரம் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுவதால், நாங்கள் காலை உணவை முடித்திருந்தோம். ‘போட்டிம்’ செயலியில் மருமகன் அழைத்தார். வாட்ஸ்அப்பில் பேசுவது அங்கே இயலாது என்பதைப் பேரன்தான் இப்போது ஊருக்கெல்லாம் விளக்குகிறான். அவர் விடிந்ததும் பெருநாள் தொழுகையை முடித்துவிட்டு, புதுச்சட்டையோடு அறையில் படுத்திருந்தார். கூட இருப்பவர்கள் பிரியாணி செய்யக் கறி வாங்கப் போயிருந்தார்கள். ஈத் முபாரக் சொன்னதும் பேரன் கேட்டது ஒன்றே ஒன்று:

“படத்தை மாத்திட்டீங்களா அத்தா?”

அவர் பதில் சொல்லாமல் தொலைபேசியை மேல்நோக்கித் திருப்பினார். அடிப்பலகையில் இரண்டு படங்களும் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தன. நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. “பழசை எடுக்கச் சொன்னேன்ல?” என்று பேரன் கோபித்துக்கொண்டான். “மனசு வரலடா தம்பி” என்றார் அவர்.